இரும்புக்கை மட்டும் ஏன் மறையவில்லை?

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து ஒரு சித்திரக்கதை வெளிவந்தது. அது முத்து காமிக்ஸின் முதல் இதழ். கதையின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. அன்று அதைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தலைமுறைக்கு இன்று பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். மாயாவி என்ற பெயரைக் கேட்டதும் அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. மாயாவியை வளர்ந்த பிறகே, மறுபதிப்பில்தான் படித்தேன். சிறுவயது நினைவு எதுவும் இல்லாமல் ஒரு தொடரின் முதல் இதழைத் திறப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. நாயகன் மேல் பாசம் வருவதற்கு முன்பே கேள்விகள் வந்துவிடும். எனக்கு வந்த முதல் கேள்வி இது: மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் தலை, நெஞ்சு, கால்கள் எல்லாம் மறைகின்றன, இரும்புக்கை மட்டும் ஏன் மறையவில்லை?

கதைக்கு ஒரு பிடி வேண்டும், ஆகவே கையை விட்டுவைத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒளி, சதை, உலோகம் ஆகிய மூன்றையும் பற்றி இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அந்த ஒரு கற்பனை வியக்கத்தக்க அளவுக்கு உண்மையோடு பொருந்துகிறது. கதையில் நம்ப முடியாதவை பல உண்டு. இரும்புக்கை மறையாதது அவற்றில் ஒன்றல்ல.

இரண்டு முதல் இதழ்கள்

மாயாவி முதலில் பிறந்தது லண்டனில். 1962 அக்டோபர் 6 தேதியிட்டு ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழை ஃப்ளீட்வே நிறுவனம் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே ‘தி ஸ்டீல் க்ளா’ என்ற தொடரும் ஆரம்பமானது. பத்தாண்டு கழித்து அதே கதை சிவகாசியில் இன்னொரு வரிசையின் முதல் இதழானது. இப்படி இரண்டு நாடுகளில் இரண்டு வரிசைகளைத் தொடங்கிவைத்த பாத்திரங்கள் அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

தொடக்கக் கதையை எழுதியவர் கென் புல்மர். அறிவியல் புனைகதைகள் நிறைய எழுதிய ஆங்கிலேயர். பிற்பாடு டாம் டல்லி தொடர்ந்தார். படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாவில் 1919இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே ‘கூத்தோ’ என்ற சிறுவனின் சாகசங்களை வரைந்து ஸ்பெயினில் பெயர் வாங்கியவர். வெறும் கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தையும் சுவரில் விழும் நிழலையும் அவர் காட்டும் விதம் இன்றைக்கும் கண்ணை நிறுத்துகிறது.

கதையின் தொடக்கம் எளிமையானது. தமிழில் மாயாவி ஆன லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வக உதவியாளன். முந்தைய ஒரு விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் உலோகக் கை பொருத்தப்பட்டிருக்கிறது. ஆய்வகக் கருவி வெடிக்கிறது. உயர் மின்னழுத்தம் அவன் உடலில் பாய்கிறது. ஆள் மறைந்துபோகிறான், கை மட்டும் காற்றில் நிற்கிறது.

புதிதாகப் படிப்பவருக்கு இங்கே இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மாயாவி என்றால் குற்றவாளிகளைப் பிடிக்கும் நல்லவர் என்றே எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்போம். முதல் கதையில் அவன் குற்றவாளி. யாரும் பார்க்க முடியாது என்றானதும் திருட்டிலும் மிரட்டலிலும் இறங்குகிறான். திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாக மாறுவது பிறகுதான்.

இந்தப் பாதை மிகப் பழையது. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ, ‘குடியரசு’ என்ற நூலில் கைஜஸ் என்ற இடையனின் கதையைச் சொன்னார். உருவை மறைக்கும் மோதிரம் கிடைத்ததும் அவன் அரசனைக் கொன்று நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்காதபோதும் மனிதன் நேர்மையாக இருப்பானா என்பதே அங்கே விவாதம். 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘கண்ணுக்குப் புலப்படாத மனிதன்’ நாவலின் கிரிஃபினும் அதே வழியில் போய் அழிகிறான். வெல்ஸ் ஒரு புதுமையைச் சேர்த்தார். மோதிரம், மந்திரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, மறைவதற்கு இயற்பியல் காரணம் ஒன்றைத் தேடினார். கிராண்டேலின் ஆய்வகம் அந்தத் தேடலின் வாரிசு.

இல்லாத உடலை வரைவது

இயற்பியலுக்குப் போகும் முன் ஓவியரின் சிக்கலைப் பார்க்க வேண்டும். சித்திரக்கதை என்பது பார்ப்பதற்கானது. கண்ணுக்கே தெரியாத ஒருவனை நாயகனாக வைத்து அதில் எப்படிக் கதை சொல்வது?

பிளாஸ்கோவின் விடை அந்தக் கை. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அது இருக்கிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, விரல்கள் எதைப் பற்றியிருக்கின்றன என்று மூன்று செய்திகள் போதும். அவன் நிற்கிறானா, குனிகிறானா, ஏணியில் ஏறுகிறானா என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டத்தில் உடல் வரையப்படவே இல்லை. ஆனாலும் ஓர் உடல் இருப்பதை உணர்கிறோம். அந்த உடலை வரைந்தது நம் மூளை.

மூளைக்கு இந்தத் திறமை இருப்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் யொஹான்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. அவர் ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் படம்பிடித்தார். அந்த நபர் அசையாமல் இருந்தால் திரையில் வெறும் புள்ளிகள்தான். நடக்கத் தொடங்கியதும் பார்ப்பவர்கள் தயங்காமல் ‘ஒரு மனிதர் நடக்கிறார்’ என்றார்கள். அதைக் கண்டுகொள்ள ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே போதுமாக இருந்தது. பன்னிரண்டு புள்ளிகளுக்குள் மனித உடலை மூளை கட்டியெழுப்பிவிடுகிறது.

அசையாத படங்களிலும் இது நடக்கிறது. இத்தாலிய உளவியலாளர் கயெட்டானோ கனீட்சா 1955இல் ஒரு படத்தைப் பிரபலமாக்கினார். ஒரு பக்கம் வெட்டப்பட்ட மூன்று கறுப்பு வட்டங்களைச் சரியான கோணத்தில் வைத்தால், அவற்றுக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளை முக்கோணம் தெரியும். அதற்குக் கோடு எதுவும் தாளில் இல்லை. 1984இல் குரங்குகளிடம் நடத்திய ஆய்வில், மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள், தாளில் இல்லாத அந்த விளிம்புக்கும் உண்மையான கோட்டுக்குப் போலவே தூண்டப்படுவது தெரியவந்தது. ஓடுவது போன்ற, குதிப்பது போன்ற அசையாப் படங்களைப் பார்க்கும்போதும் அசைவை உணரும் மூளைப் பகுதி விழித்துக்கொள்கிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இதோடு, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கட்டத்தில் இரும்புக்கை கதவை நோக்கி நீள்கிறது. அடுத்த கட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. திறந்த கணம் எங்கும் வரையப்படவில்லை. வாசகர் அதை நிரப்புவதே சித்திரக்கதைக் கலையின் உயிர் என்று அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் ஒரு முழு நூலையே சித்திரக்கதையாக வரைந்து விளக்கினார். மாயாவியின் கதையில் இந்த வேலை இருமடங்கு. இடைவெளியில் காலத்தை நிரப்புகிறோம், கட்டத்துக்குள் உடலையும் நிரப்புகிறோம். அந்த முதல் இதழ் சிறுவர்களை அப்படிக் கட்டிப்போட்டதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் கதையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நாயகனைத் தாங்களே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பொருள் ஏன் தெரிகிறது?

இப்போது ஒளிக்கு வருவோம். ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு, அது தன்மேல் விழும் ஒளியை ஏதாவது செய்தாக வேண்டும். எதிரொளிக்கலாம், உட்கவரலாம், திசைமாற்றிச் சிதறடிக்கலாம். இந்த மூன்றில் எதையும் செய்யாமல் ஒளியை அப்படியே வழிவிட்டு அனுப்பும் பொருள் தெரியாது. காற்று அப்படிப்பட்டது.

ஒளி திசைமாறுவதற்கு அடிப்படை அதன் வேகம். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளி, தண்ணீருக்குள் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. எத்தனை மடங்கு குறைகிறது என்பதே ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது கிட்டத்தட்ட 1, தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5. இரண்டு பொருள்களின் எண்கள் மாறுபடும் எல்லையில் ஒளி வளையும், ஒரு பகுதி திரும்பி வரும். எண்கள் ஒன்றாக இருந்தால் அந்த எல்லையே ஒளிக்குத் தெரியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பஜ்ஜி மடித்த வெள்ளைத் தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அடுத்த பக்கத்தைக் காட்டும். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். அந்த இழைகளின் எண் சுமார் 1.5. இழைகளுக்கு நடுவில் காற்று நிறைந்திருப்பதால் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிதறுகிறது, தாள் வெண்மையாகத் தெரிகிறது. எண்ணெயின் எண் 1.47. காற்றை வெளியேற்றிவிட்டு எண்ணெய் அங்கே குடியேறியதும் எல்லைகள் கிட்டத்தட்ட அழிந்துபோகின்றன. தாளில் எதையும் எடுக்கவில்லை, ஒன்றைச் சேர்த்தோம்; அதனாலேயே அது ஒளிக்கு வழிவிட்டது. பள்ளி ஆய்வகங்களில் உள்ள போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சியைச் சமையல் எண்ணெயில் அமிழ்த்தினால், அமிழ்ந்த பகுதி ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். இரண்டின் எண்ணும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம்.

வெல்ஸ் தன் நாவலில் பிடித்துக்கொண்டது இந்த உண்மையைத்தான். லண்டனில் முறையாக அறிவியல் படித்த அவர், கண்ணாடியைப் பொடித்தால் ஏன் வெள்ளையாகிறது, அந்தப் பொடியில் தண்ணீர் ஊற்றினால் ஏன் கிட்டத்தட்ட மறைகிறது என்பதிலிருந்தே தன் கற்பனையைக் கட்டினார்.

சதைக்கு வழி இருக்கிறது

நம் உடலின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் தெளிவானது. அப்படியானால் நாம் ஏன் தெளிவாக இல்லை? தண்ணீரின் எண் 1.33, அதில் நிறைந்திருக்கும் புரத இழைகள், கொழுப்புப் படலங்கள் ஆகியவற்றின் எண் 1.4-க்கும் மேல். தோலுக்குள் நுழையும் ஒளி, திருவிழாக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவரைப் போல ஒவ்வோர் அடியிலும் இடிபட்டுத் திசைமாறுகிறது. அது போதாதென்று ரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் மெலனினும் ஒளியை உட்கவர்கின்றன. கைபேசி விளக்கை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் மட்டும் கசிந்து வரும். ஹீமோகுளோபின் மற்ற நிறங்களைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. தப்பிய சிவப்பும் சிதறிப்போவதால் எலும்பின் உருவம் தெரிவதில்லை.

ஆனால் தெளிவான சதை நம் உடலிலேயே இருக்கிறது. இந்த வரியை நீங்கள் படிப்பதே அதன் வழியாகத்தான். கண்ணின் முன்புறமுள்ள கார்னியாவில் ரத்தநாளம் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை நேரடியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன் கொலாஜன் இழைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால் சிதறும் ஒளி தன்னைத்தானே ரத்துசெய்துகொள்கிறது. விழிலென்சின் உயிரணுக்களோ வளர்ந்து முதிரும்போது தங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் கரைத்துவிட்டு, உள்ளே கிரிஸ்டலின் புரதத்தை நெருக்கமாக நிரப்பிக்கொள்கின்றன. ஒளியைத் தடுக்கும் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு. வயதான பிறகு அந்தப் புரதங்கள் திரண்டுபோனால் வருவதே கண்புரை.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் கண்ணாடித் தவளை இன்னும் ஒருபடி மேலே போகிறது. தூங்கும்போது அது தன் ரத்தச் சிவப்பணுக்களில் சுமார் 89 விழுக்காட்டைக் கல்லீரலுக்குள் ஒதுக்கி அடைத்துவிடுகிறது என்பதை 2022இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் அதன் உடல் இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக ஒளியை விடுகிறது. இலையின் மேல் பகலெல்லாம் பகைவர் கண்ணில் படாமல் தூங்குகிறது. இத்தனை அணுக்களை ஓரிடத்தில் நெருக்கியும் ரத்தம் உறைந்துவிடுவதில்லை. நம் உடலில் அப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. தவளைக்கு எப்படி முடிகிறது என்பது மருத்துவத்துக்கும் பயன்படக்கூடிய கேள்வி.

2024 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழு வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. இனிப்புகளிலும் பானங்களிலும் சேர்க்கப்படும் டார்ட்ரசைன் என்ற மஞ்சள் நிறமியைத் தண்ணீரில் கரைத்து, உயிருள்ள எலியின் வயிற்றுத் தோலில் தடவினார்கள். சில நிமிடங்களில் தோல் வழியே உள்ளுறுப்புகள் தெரிந்தன. தலைத்தோலில் தடவியபோது மூளையின் மேற்பரப்பிலுள்ள ரத்தநாளங்கள் தெரிந்தன. கழுவியதும் தோல் பழையபடி ஆனது. நிறம் சேர்த்தால் தெளிவு குறையும் என்பதுதான் நம் அனுபவம். இங்கே எப்படிக் கூடியது? டார்ட்ரசைன் நீல ஒளியைக் கடுமையாக உட்கவர்கிறது. ஒரு நிறத்தில் அப்படி உட்கவரும் பொருள், அலைநீளம் கூடிய சிவப்பு ஒளிக்குத் தான் கரைந்திருக்கும் நீரின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தும் என்பது ஒளியியலின் விதி. நீரின் எண் உயர்ந்து கொழுப்பு, புரதத்தின் எண்ணை நெருங்கியதும் சிதறல் குறைந்தது. பஜ்ஜித் தாளில் எண்ணெய் செய்ததை எலியின் தோலில் இந்த நிறமி செய்தது. மனிதத் தோல் எலியின் தோலைவிடப் பல மடங்கு தடிமன். அந்த ஆய்வில் மனிதர்மேல் இதைச் சோதிக்கவில்லை, யாரும் வீட்டில் முயலவும் கூடாது.

ஆக, உயிருள்ள சதையைத் தெளிவாக்குவது முடியாத காரியம் அல்ல. கிராண்டேலின் உடல் மறைந்தது என்று புல்மர் எழுதியபோது, தத்துவ அளவில் இயற்கை அதற்கு முழுத் தடை போட்டிருக்கவில்லை.

இரும்புக்கு ஏன் வழியில்லை?

எஃகின் கதை வேறு. சதை ஒளியை மறைப்பது அதன் அமைப்பில் உள்ள முரண்களால். எஃகு ஒளியை மறைப்பது அதன் இயல்பால்.

கண்ணாடியிலும் தண்ணீரிலும் எலக்ட்ரான்கள் தத்தம் அணுக்களோடும் மூலக்கூறுகளோடும் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றை அடுத்த ஆற்றல் நிலைக்கு உயர்த்தக் கண்ணுறு ஒளியின் ஆற்றல் போதாது. ஆகவே ஒளி உட்கவரப்படாமல் கடந்துபோகிறது. உலோகத்தில் ஒவ்வோர் அணுவும் தன் எலக்ட்ரான்களில் சிலவற்றைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. அவை எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுவதும் உலவுகின்றன. மின்சாரம் கடத்துவதும் அவையே. ஒளி என்பது அதிரும் மின்காந்தப் புலம். அது உலோகத்தின் மேல் விழுந்ததும் இந்தக் கட்டுறா எலக்ட்ரான்கள் உடனே அதிர்ந்து, வந்த புலத்தை உள்ளே நுழைய முடியாதபடி ரத்துசெய்கின்றன. பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. மிச்சம் சில பத்து நானோமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. உலோகம் பளபளப்பதும், அதன் ஊடே எதுவும் தெரியாததும் ஒரே காரணத்தால்தான்.

இதனால் எண்ணெயோ நிறமியோ எஃகைத் தெளிவாக்காது. அங்கே சிதறல் பிரச்சினையே இல்லை. உலோகமாக இருப்பதே பிரச்சினை. எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் ஒளி போகும், ஆனால் அது எஃகாக இருக்காது. இரண்டு விலக்குகள் உண்டு. தங்கத்தை நானோமீட்டர் அளவில் மெல்லிய படலமாக்கினால் ஓரளவு ஒளி ஊடுருவும்; விண்வெளி வீரர்களின் தலைக்கவச முகப்பில் அப்படித் தங்கம் பூசுகிறார்கள். தொடுதிரைகளில் பூசப்படும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே தெளிவாகவும் இருக்கிறது. உலோகத்தில் உள்ளதைவிடக் கட்டுறா எலக்ட்ரான்கள் அதில் மிகக் குறைவு. கை அளவு தடிமனுள்ள எஃகுக்கு இந்த இரண்டு வழியும் பொருந்தாது.

மின்சாரம் உடலை மறைக்கும் என்று ஒருவர் கற்பனை செய்யலாம். அந்தக் கற்பனைக்குள்ளும் உலோகக் கை மறையக் கூடாது. புல்மர் இதைக் கணக்குப் போட்டு எழுதினாரா, கதைக்காக எழுதினாரா என்பது இங்கே முக்கியமல்ல. எழுதியது சரி.

மின்சாரம் மறைக்குமா?

மின்சாரம் கொடுத்ததும் தெளிவாகும் பொருள் உண்மையில் உண்டு. சில அலுவலகங்களின் கூட்ட அறைகளில், பொத்தானை அழுத்தியதும் பால் நிறத்திலிருந்து தெளிவான நிலைக்கு மாறும் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு பாலிமர் படலத்தில் திரவப் படிகத் துளிகள் பதிந்திருக்கின்றன. மின்சாரம் இல்லாதபோது துளிகளின் மூலக்கூறுகள் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. அவற்றின் ஒளிவிலகல் எண் பாலிமரோடு பொருந்தாமல் ஒளி சிதறுகிறது. மின்புலம் வந்ததும் எல்லாம் ஒரே திசையில் அணிவகுக்கின்றன, எண்கள் பொருந்துகின்றன, கண்ணாடி தெளிகிறது.

உயிர்களிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆழ்கடலில் வாழும் ‘ஜாபடெல்லா ஹீத்தி’ என்ற எண்காலி பெரும்பாலும் தெளிவான உடலோடு மிதக்கிறது. வேட்டை மீன்கள் தங்கள் ஒளியுறுப்பால் நீல வெளிச்சம் பாய்ச்சினால், தெளிவான உடல் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வெளிச்சம் பட்டதும் எண்காலி தன் தோலின் நிறமிப் பைகளை விரித்து நொடிப்பொழுதில் செந்நிறமாகிவிடுகிறது. வெளிச்சம் போனதும் மீண்டும் தெளிகிறது. நிறமிப் பைகளை இயக்குவது நரம்புவழி வரும் மின்சைகை.

ஆனால் கண்ணாடியிலும் எண்காலியிலும் மின்சாரத்துக்குக் கட்டுப்படும் அமைப்பு முன்கூட்டியே இருக்கிறது. நம் சதையில் அப்படி எதுவும் இல்லை. வெளியிலிருந்து பாயும் மின்சாரம் நம் நரம்புகளின் மெல்லிய சைகைகளைக் குலைக்கும், தசைகளை இறுக்கும், இதயத்தின் தாளத்தைச் சிதைக்கும். வீடுகளில் பொருத்தும் மின்கசிவுத் தடுப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுவது அதனால்தான். மாயாவி கதையைக் குழந்தை கையில் கொடுக்கும்போது இதையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

மறைந்தவனுக்கு இருட்டு

கதை தாண்ட முடியாத தடை ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு ஒளி விழித்திரையில் உட்கவரப்பட வேண்டும். முழுவதும் தெளிவான மனிதனின் விழித்திரையும் தெளிவாகவே இருக்கும். ஒளி அதைத் தொடாமல் கடந்துபோகும். லென்சின் எண்ணும் காற்றின் எண்ணாக இருந்தால் பிம்பமே விழாது. யாராலும் பார்க்கப்படாதவன் எதையும் பார்க்க முடியாதவனாகிறான். பார்வை வேண்டுமென்றால் விழித்திரையையாவது விட்டுவைக்க வேண்டும். இரும்புக்கையோடு இரண்டு சின்னஞ்சிறு வளைபடலங்களும் காற்றில் மிதந்திருக்க வேண்டும்.

உடலைத் தெளிவாக்காமல் ஒளியைச் சுற்றி அனுப்பினாலும் இதே கதிதான். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரி வகுத்த கோட்பாட்டின்படி, 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர் மெட்டாமெட்டீரியல் (அலைநீளத்தைவிடச் சிறிய செயற்கை அமைப்புகளால் ஆன பொருள்) வளையங்களால் ஒரு மறைப்பைச் செய்தார்கள். நுண்ணலைகள் அதற்குள் இருந்த செம்பு உருளையைத் தொடாமல் வளைந்து போய் மறுபுறம் சேர்ந்தன. மறைப்பு குறைபாடில்லாதது அல்ல. ஆனாலும் உலோகத்தை மறைக்க ஒரு வழி திறந்தது. அந்த நுண்ணலைகளின் அலைநீளம் சில சென்டிமீட்டர். கண்ணுறு ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அவ்வளவு நுண்ணிய அமைப்பை ஆள் உயரத்துக்குக் கட்டி, எல்லா நிறங்களுக்கும் ஒருசேர வேலை செய்யவைப்பது இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. எட்டினாலும், சுற்றிப் போகும் ஒளி உள்ளே இருப்பவரின் கண்ணுக்குள் வராது. அவருக்கு உள்ளே முழு இருட்டு.

முதல் இதழைப் புதியவனாகப் படித்து முடித்த எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது. மின்சாரம் ஆளை மறைக்கும் என்பது பொய். மறைந்தவன் பார்ப்பான் என்பது நடக்காதது. சதை ஒளிக்கு வழிவிடக் கூடும், எஃகு விடாது என்பது உண்மை. ஒரு சிறுவர் கதையில் இவ்வளவு இருப்பது சிறிய செய்தி அல்ல. உங்கள் வீட்டில் பழைய மாயாவி இதழ் இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். படித்து முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு சொட்டு எண்ணெயையும் கொடுத்து, கை ஏன் மறையவில்லை என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.